குழிக்கு வெளியே செத்தால் கணக்கில் வராதா?

என் தம்பி எதனால் செத்தான் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சான்றில் மூன்று வரி இருக்கிறது. முதல் வரியில் மூளை மயக்கம். அதற்குக் காரணம் கல்லீரல் செயலிழப்பு என்று இரண்டாவது வரி. அதற்கும் அடியில், மூலகாரணம் எழுத வேண்டிய இடத்தில், குடி. அதே கோப்பில் சில தாள் தள்ளி ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு கிடக்கிறது: ஹெபடைடிஸ் ஏ, ஐஜிஎம் பாசிட்டிவ். அது சான்றுக்குள் வரவே இல்லை. இறப்பைப் பதிவு செய்யும் படிவத்தில் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'கூலி' என்று போட்டிருக்கிறார்கள்.

என்ன கூலி? களை எடுத்தானா? செங்கல் சுமந்தானா? உங்கள் மலக்குழியில் இறங்கினான். அதை எழுத ஏன் கை கூசுகிறது?

நான் நர்ஸ். கொங்குப் பக்கத்து ஊர் ஒன்றில், எங்கள் அருந்ததியர் தெருவிலிருந்து வெள்ளைக் கோட்டு மாட்டிய முதல் பெண். எங்கள் அப்பா துப்புரவுப் பணியில் முடி நரைத்தவர். தம்பி பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டான். கழிவுநீர் லாரி வைத்திருக்கும் காண்ட்ராக்டரிடம் சேர்ந்தான். லாரி இருந்தால் ஆள் எதற்கு இறங்க வேண்டும் என்று கேட்பீர்கள். குழாய் உறிஞ்சுவது தண்ணீரைத்தான். அடியில் களிமண்ணாக உறைந்து கிடப்பதை யார் கிளறிவிடுவது? அடைத்துக்கொண்ட துணியை, நாப்கினை, ஆணுறையை யார் கையால் பிடுங்குவது? லாரிக்குப் பின்னால் எப்போதும் ஒரு பையன் நிற்பான். கவனித்துப் பாருங்கள்.

2024-ஆம் வருஷம் ஐப்பசி மழையில் ஊரெல்லாம் தொட்டிகள் பொங்கின. வேலை குவிந்தது. "அக்கா, ராத்திரி பன்னெண்டு மணிக்கும் போன் பண்ணிக் கூப்புடறாங்க, அத்தன கிராக்கி" என்று சிரித்தான். மழை விட்ட பிறகு காய்ச்சல் வந்தது. சோற்றைக் கண்டாலே குமட்டல். பீடி வாடை பிடிக்கவில்லை என்றான். பீடி பிடிக்காமல் போனதும் எனக்குப் பொறி தட்டியது, காமாலைக்கு முன்னால் அப்படி வரும். வெயிலில் நிறுத்திக் கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன். மஞ்சள்.

அம்மா கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுத்தாள். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். இந்தக் காமாலை பெரும்பாலோருக்குத் தானாகவே வந்து தானாகவே போகிற நோய், நாள்பட்ட நோயாக ஈரலில் தங்குவதில்லை. அதனால் எதைக் கொடுத்தாலும் அது குணப்படுத்தியதாகத் தோன்றும். ஆனால் கொஞ்சம் பேருக்கு மட்டும் ஈரல் மொத்தமாகக் கைவிட்டுவிடும். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், ஏற்கெனவே ஈரல் கெட்டவர்கள். என் தம்பிக்கு முப்பதுகூட ஆகவில்லை, ஆனால் ஈரல் கெட்டிருந்தது.

ஆமாம், குடித்தான். இந்த இடத்தில்தான் உங்கள் முகம் நிம்மதியாகிறது, எனக்குத் தெரியும். வார்டில் பார்த்தேனே. "குடிக்கிறவனா?" என்று டியூட்டி டாக்டர் கேட்டார். நான் தலையாட்டியதும் அவருடைய பேனா வேகமாக ஓடியது. அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. எப்போது குடிக்க ஆரம்பித்தான் என்று கேட்டிருக்கலாம். முதல் நாள் குழியில் இறங்குவதற்கு முன், வாந்தி எடுத்து நின்ற பையனுக்கு மேஸ்திரியே ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்து, "இத அடிச்சுட்டு எறங்கு, ஒண்ணும் தெரியாது" என்று சொன்னார். அன்றைக்குத்தான் ஆரம்பித்தான். கூலியில் பிடித்தம் போக மிச்சத்தைக் கையில் தருவார்கள், அந்தப் பாட்டிலுக்கான காசும் பிடித்தத்தில் இருக்கும். உங்கள் நாற்றத்தைத் தாங்க அவன் குடித்த சாராயம் உங்களுக்கு மட்டும் ஒழுக்கக் கேடாகத் தெரிகிறது.

நோயைப் பற்றித் தெரிந்தே பேசுகிறேன், என் பிழைப்பே அதுதான். ஹெபடைடிஸ் ஏ கிருமி மலத்தில் வெளியேறி வாய் வழியாகப் போகும். வேறு பெரிய ரகசியம் எதுவும் இல்லை. உடம்பில் புகுந்து 15 நாளிலிருந்து 50 நாளுக்குள் நோய் தெரியும், சராசரியாக 28 நாள். கண் மஞ்சளாவதற்கு முந்தைய ஒன்றிரண்டு வாரத்தில்தான் மலத்தில் கிருமி மிக அதிகமாக வெளியேறும். அதாவது, தனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு ஓடியாடித் திரிகிற ஆளின் கழிப்பறையிலிருந்துதான் அது அதிகம் வருகிறது. சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அறிகுறியே தெரியாது. ஆகவே உங்கள் வீட்டுத் தொட்டியில் அது இல்லை என்று நீங்கள் சத்தியம் செய்ய முடியாது. ஈரத்திலும் அழுக்கிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கை கழுவும் சாராயத் திரவத்துக்கு அவ்வளவாக மசியாது, அதன்மேல் கரைவதற்குக் கொழுப்பு உறை கிடையாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வேண்டும்.

கொரோனாக் காலத்தில் காண்ட்ராக்டர் கொடுத்த சானிடைசர் பாட்டில் ஒன்று தம்பியின் பையில் கடைசிவரை இருந்தது. சோப்பு கொடுக்கவில்லை. தண்ணீர்? குழியிலிருந்து ஏறி வருகிறவனுக்கு எந்த வீட்டு அம்மாள் குழாயைத் திறந்துவிடுகிறாள்? மாடிப்படியில் நின்றுகொண்டு, மேல் தெறித்துவிடாமல், ஒரு சொம்பை உயரத் தூக்கி ஊற்றுவார்கள். ரெண்டு சொம்பு, அதற்கு மேல் இல்லை. பிறகு காகிதக் கப்பில் டீ வரும், "பாவம் குடிப்பா" என்று இரக்கத்தோடு. அந்த டீயை எந்தக் கையால் வாங்கினான் என்று யோசியுங்கள்.

எனக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை போட்டார்கள், இலவசமாக. நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி என் விரலில் குத்திவிடக்கூடும் என்பதற்காக. சரியான ஏற்பாடுதான். ஊர் முழுவதின் மலத்திலும் தோள்வரை முங்கி எழுகிறவனுக்கு, மலத்தால் பரவும் நோய்க்கு ஊசி போட வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லையா? இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் கழிவுநீரில் வேலை செய்கிறவர்களுக்கு ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி போடச் சொல்லி அரசு வழிகாட்டுதலே இருக்கிறது. இங்கே அந்த ஊசி தேசிய இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. தனியார் குழந்தை மருத்துவரிடம் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம். தவணைக்கு ஆயிரத்துக்கு மேல். எங்கள் மருத்துவமனையில் நானே எத்தனையோ குழந்தைகளுக்குப் போட்டிருக்கிறேன். காரில் வந்து இறங்கும் கொழுகொழுக் குழந்தைகள். அவர்கள் வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்கிறவனுக்குக் கிடையாது. 2024 ஜனவரியில் ஹைதராபாத்தில் இந்தியாவிலேயே உருவாக்கிய ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசியை வெளியிட்டார்கள். இனி வெளிநாட்டு மருந்தை எதிர்பார்க்க வேண்டாம் என்று பெருமைப்பட்டார்கள். அதே வருஷக் கார்த்திகையில் என் தம்பி செத்தான்.

"நீ நர்ஸ்தானே, நீயே வாங்கிப் போட்டிருக்கலாமே" என்று துக்கம் கேட்க வந்த இடத்தில் ஒருவர் கேட்டார். ஏன் நான் போட வேண்டும்? அவன் இறங்கியது என் வீட்டுத் தொட்டியிலா? எங்கள் தெருவில் தொட்டி கட்டிய வீடே கொஞ்சம்தான். லாபம் ஒருவனுக்கு, சுத்தம் ஊருக்கு, ஊசிச் செலவு மட்டும் அக்காவுக்கா?

அதைவிடக் கொடுமையான பதில் ஒன்று உண்டு. அது படித்தவர்களிடமிருந்து வந்தது. ஊசி ஏன் போடுவதில்லை என்று ஒரு பெரிய டாக்டரிடம் கேட்டேன். கோபப்படாமல், பொறுமையாகவே விளக்கினார்: "உங்க மாதிரி இடங்கள்ல வளர்றவங்களுக்குச் சின்ன வயசுலயே இந்தக் கிருமி வந்து போயிருக்கும்மா. ஆயுசுக்கும் எதிர்ப்பு சக்தி வந்துடும். அதனால தேவைப்படாது." விஞ்ஞானப்படி அவர் சொன்னதில் பொய் இல்லை. என் அப்பா காலத்துக்கு அது உண்மை. நாலு வயதில் சாக்கடையோரம் விளையாடி, கிருமியைத் தின்று, செத்துப்போகாமல் பிழைத்தவர்களின் உடம்பில் எதிர்ப்பு இருக்கும். எங்கள் தெருவுக்குச் சுத்தமான தண்ணீர் கொடுக்காமல் விட்டதையே எங்களுக்குப் போட்ட தடுப்பூசியாகக் கணக்கு எழுதிக்கொண்டீர்கள். இதை எந்த நாக்கால் சொல்வது?

சரி, அந்தக் கணக்காவது இன்றைக்குச் செல்லுமா? தம்பி பிறந்தபோது எங்கள் தெருவுக்குக் குழாய் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கழிப்பறை வந்துவிட்டது. அப்பா தன் பிள்ளைகள் சாக்கடைப் பக்கம் போகக் கூடாது என்று பிரம்பு வைத்திருந்தார். வயிற்றைக் கட்டி எங்களைச் சுத்தமாக வளர்த்தார். அதனால்தான் தம்பியின் உடம்புக்கு அந்தக் கிருமியை முன்பின் தெரியாது. ஊர் கொஞ்சம் சுத்தமானால் குழந்தையில் வர வேண்டியது வராமல் தள்ளிப்போய், வளர்ந்த பிறகு வரும். வளர்ந்த பிறகு வந்தால் கடுமையாக வரும். இது எங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள், அங்கே இல்லாத சுகாதாரமா? 2024-இல் எர்ணாகுளம் மாவட்டத்து வேங்கூர் ஊராட்சியில் சரியாகக் குளோரின் போடாத குடிநீர் வழியாகப் பரவி இருநூறு பேருக்கு மேல் படுத்தார்கள். சாவும் நடந்தது. சுத்தமாக வளர்ந்தவன் அசுத்தத்தைச் சந்திக்கிற நாள் ஆபத்தான நாள். சுத்தமாக வளர்த்த பிள்ளையைப் பிறகு மலக்குழிக்குள்ளேயே அனுப்பினால்?

அப்பா இப்போது பேசுவதில்லை. "எனக்கு ஒண்ணும் ஆகலையே, அவனுக்கு ஏன் ஆச்சு?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். நான் என்ன பதில் சொல்வேன்? நீங்கள் எங்களை நல்லபடி வளர்த்ததால் என்றா?

உலகத்தில் வேறு எங்கும் இப்படி நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது. அமெரிக்காவில், பணக்கார ஊரான சான் டியாகோவில் 2016 கடைசியில் இதே நோய் கிளம்பியது. படுத்தவர்கள் 592 பேர், செத்தவர்கள் 20 பேர். பெரும்பாலும் தெருவில் படுப்பவர்கள், போதைக்கு அடிமையானவர்கள். அங்கேயும் முதலில் பழிதான் சொன்னார்கள், அவர்கள் அப்படித்தான், அழுக்கானவர்கள் என்று. தெருவில் இருப்பவர்களுக்குக் கழிப்பறை போதவில்லை என்று குடிமக்கள் ஆய்வுக் குழுக்கள் பல வருஷமாக எச்சரித்திருந்தன. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2017 செப்டம்பரில்தான் அவசரநிலை அறிவித்தார்கள். ஊரும் மாவட்டமும் போதிய வேகத்தில் செயல்படவில்லை என்று மாநிலத்தின் தணிக்கை அதிகாரியே பிறகு எழுதினார். ஆனாலும் ஒன்று செய்தார்கள். ஊசியை எடுத்துக்கொண்டு நர்சுகள் தெருவுக்குப் போனார்கள். ஆற்றுப் படுகைக்கும் பாலத்தடிக்கும் நடந்தே போய், கூடாரத்துக்குள் படுத்திருந்தவர்களைத் தேடிப் போட்டார்கள். நடைபாதையில் கை கழுவும் தொட்டிகளை வைத்தார்கள். தாமதமாகத்தான், பல பேரைப் பலி கொடுத்த பிறகுதான். அந்த வருஷங்களில் நாட்டின் 37 மாநிலங்களில் இதே நோய் பரவி சுமார் 45 ஆயிரம் பேரைப் படுக்கவைத்தது, நானூறு பேருக்கு மேல் கொன்றது என்பது வேறு கதை. ஆனால் அந்த இருபது பேரும் எதனால் செத்தார்கள் என்று எழுதிவைத்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஏற்கெனவே ஈரல் கெட்டவர்கள். இருந்தும் 'குடி' என்று எழுதிக் கோப்பை மூடிவிடவில்லை. எண்ணினார்கள். எண்ணியதால்தான் எங்கே ஊசி கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்தது.

இங்கே குழிக்குள் விஷவாயு தாக்கிச் செத்தால்தான் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையும் எத்தனை உயிர் கொடுத்து வாங்கியது! 2013-இல் சட்டம் வந்தது, பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று. 2014-இல் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. அதற்காகப் போராடியவர்கள் காலில் விழுந்து கும்பிடுவேன். ஆனால் குழியிலிருந்து உயிரோடு ஏறி வந்து, குழியைத் தன் குடலுக்குள்ளேயே சுமந்து வந்து, மாதம் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாகிறவன் எந்தப் பட்டியலிலும் இல்லை. காமாலையில் செத்தவன், எலிக்காய்ச்சலில் செத்தவன், நுரையீரல் அரித்துச் செத்தவன், எல்லாரும் 'கூலி'. குழிக்குள் சாவதற்குச் சட்டம் இருக்கிறது. குழியால் சாவதற்கு இல்லையா?

இருக்கிறது! அதுதான் என் வயிறு எரிவதற்குக் காரணம். 1923-இல் வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், தம்பி செத்தபோதும் நடப்பில் இருந்தது. அதன் மூன்றாம் அட்டவணை, தொழிலால் வரும் நோய்களின் பட்டியல், தொற்று நோயில்தான் தொடங்குகிறது. தொற்று அபாயம் தனிப்பட இருக்கிற எந்த வேலையிலும் தொற்று வந்தால் அது வேலையில் நடந்த விபத்துக்குச் சமம் என்று சொல்கிறது. அதோடு, வேலையால் வரவில்லை என்று வேறு விதமாக நிரூபிக்கும்வரை வேலையால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. அதாவது நிரூபிக்க வேண்டியது முதலாளி, நாங்கள் இல்லை. யாராவது ஒரு மலக்குழித் தொழிலாளியின் குடும்பத்துக்கு இதைப் படித்துக் காட்டினீர்களா? நான் சட்டப் புத்தகம் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன், ராத்திரி டியூட்டியில், நோயாளிகள் தூங்கிய பிறகு.

காண்ட்ராக்டர் சொன்னார், அப்படி ஒருத்தன் தன்னிடம் வேலையே பார்க்கவில்லை என்று. வருகைப் பதிவேடு கிடையாது, வங்கிச் சம்பளம் கிடையாது, அடையாள அட்டை கிடையாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்ட போன் நம்பர் மட்டும் தம்பியின் கைபேசியில் இருக்கிறது. மனு கொடுத்தேன். விசாரித்த அதிகாரி தம்பியின் மகளைப் பற்றிக் கேட்டார். நாலு வயதுப் பிள்ளை. அப்பன் செத்து மூன்று வாரம் கழித்து அவளுக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது, சோதித்ததில் அவளுக்கும் அதே கிருமி. ஓடி விளையாடுகிறாள், ஒன்றும் ஆகவில்லை. அதிகாரி அந்தத் தாளைத் தட்டிக் காட்டினார். "பாப்பாவுக்கும் இருக்குல்ல? அப்ப உங்க வீட்டுத் தண்ணியிலதான் வந்திருக்கணும்." அப்பனுக்கு முன்னால் வரவில்லை ஐயா, பின்னால் வந்தது, அவன் கையால் ஊட்டிய சோற்றில் வந்தது, நாளைக் கணக்குப் போடுங்கள் என்றேன். கணக்கு அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அப்படியே வீட்டுத் தண்ணீர் என்றாலும், குடிநீர்க் குழாயையும் சாக்கடையையும் எங்கள் தெருவில் ஒரே பள்ளத்தில் புதைத்தது யார்? எப்படிப் புரட்டினாலும் எங்கள் வாய்க்குள் வந்தது உங்கள் மலம்தானே?

வார்டில் கடைசி நாட்களில் அவன் இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன். ஈரல் கெட்டு மூளைக்கு ஏறிவிட்டால் நீட்டிய கை நிற்காது, மணிக்கட்டிலிருந்து படபடவென்று அடித்துக்கொள்ளும். அது எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன், மற்றவர்களுக்குப் பார்த்திருக்கிறேன். நீட்டினான். அடித்துக்கொண்டது. "ஏங்க்கா இப்படி ஆடுது?" என்று கேட்டான். அந்தக் கையை நகம் வெட்டிச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். அவன் வாழ்நாளில் அந்தக் கையை யாராவது அப்படிக் கழுவவிட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே வேண்டாம்.

அவன் இடத்துக்கு இப்போது வேறு பையன் வந்துவிட்டான். எங்கள் தெருதான், எனக்குச் சித்தி மகன் முறை. ஊசி போட்டார்களா என்று கேட்டேன். "நாய்க்கடி ஊசியாக்கா?" என்கிறான்.

மனுவுக்குப் பதில் வந்திருக்கிறது. இறந்தவர் எந்தத் தேதியில், எந்தக் குழியில் இறங்கியபோது மேற்படி நோய்த்தொற்று ஏற்பட்டது என்பதற்கான ஆதாரத்தைச் சமர்ப்பிக்க வேண்டுமாம். சட்டம் என்ன சொல்கிறது என்று மேலே எழுதிவிட்டேன், இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் அவன் இறங்கியவற்றில் எனக்குத் தெரிந்தவை: பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பிடம். மேற்கே புதிதாகக் கட்டிய திருமண மண்டபத்தின் பின்பக்கத் தொட்டி. ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஒன்றில் குழந்தைகளின் கழிப்பறைக் குழி, கிருமி நிறைய இருந்திருக்கக்கூடிய இடம். அப்புறம், தீபாவளி விடுமுறையில் ஆள் இல்லாதபோது அவசரமாக முடிக்கச் சொன்ன, உங்கள் அலுவலகம் இருக்கிற அதே வளாகத்துத் தொட்டி. இவற்றில் எதிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மூடியைத் திறந்து, நீங்களே இறங்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.